‘இங்கே’ என்பது எந்த இடம்? கொள்கலனில் அடைத்த இணையச் செயலியை உள் வலையமைப்பில் நிறுவுதல்

பினாங்குத் தீவிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலகத்துக்கு, யார் எந்த நூலை எடுத்துச் சென்றார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதைப் பதிந்துவைக்கும் சிறிய இணையச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். என் மடிக்கணினியில் அது குறையின்றி ஓடியது. நூலகத்தைக் கவனிக்கும் ஆசிரியை என் திரையில் தெரிந்த முகவரியைத் தாளில் குறித்துக்கொண்டு, தம் மேசைக் கணினியின் உலாவியில் எழுத்துப் பிசகாமல் தட்டினார். “சார், உங்களுக்குத் திறக்கிறது, எனக்குத் திறக்கவில்லையே” என்றார். அவர் தட்டிய முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்கியது.

அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்பது ஊர்ப்பெயர் போன்ற பெயர் அன்று. அது ஒரு சுட்டுச்சொல். ‘இங்கே’ என்ற சொல்லைப் போல, சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அதன் பொருள் அமையும். பட்டர்வொர்த்தில் இருப்பவர் தொலைபேசியில் “இங்கே மழை கொட்டுகிறது” என்று சொன்னால், கடலுக்கு இப்பால் ஜோர்ஜ்டவுனில் அதைக் கேட்பவர் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடமாட்டார். கணினி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் அதற்குரிய 127.0.0.1 என்ற எண்ணும் எந்தக் கணினியில் தட்டப்படுகின்றனவோ அந்தக் கணினியையே குறிக்கும். ஆசிரியையின் உலாவி அவருடைய கணினிக்குள்ளேயே என் செயலியைத் தேடியது. அங்கே அது இல்லை.

கொள்கலனில் அடைத்த செயலியை, அதாவது தனக்குத் தேவையான அனைத்தோடும் ஒரே பொதியாகக் கட்டிய செயலியை, உள் வலையமைப்பில் நிறுவும்போது இந்த ‘இங்கே’ ஒரு முறை அன்று, மூன்று முறை பொருள் மாறுகிறது. கொள்கலனுக்குள் ஓர் ‘இங்கே’, அந்தக் கொள்கலனை ஓட்டி மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் வழங்கிக் கணினியில் இன்னோர் ‘இங்கே’, அந்த வழங்கி இணைந்திருக்கும் வலையமைப்பில் மூன்றாவது. தொடக்கநிலையினர் படும் சிரமங்களில் பெரும்பகுதி, ஓரிடத்து ‘இங்கே’யை மற்றோர் இடத்தில் சொல்வதால் வருவதே. ஆகவே கட்டளைகளை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே உள்ள சுவர்களையும் வாசல்களையும் தெரிந்துகொள்வது பயன் தரும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

உள் வலையமைப்பு என்றால் என்ன

பள்ளியிலோ வீட்டிலோ கோயில் அலுவலகத்திலோ ஒரே ரவுட்டருடன், கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைந்திருக்கும் கணினிகளின் கூட்டமே உள் வலையமைப்பு. அவற்றுக்குத் தரப்படும் எண் முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகாதவை. 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, 10 என்று தொடங்கும் முகவரிகள், 172.16 முதல் 172.31 வரையிலானவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டன. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் 192.168.1.50 என்ற ஒரே முகவரி இருந்தாலும் மோதல் நேர்வதில்லை.

இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் வழங்கியை விட்டுவிட்டுப் பள்ளிக்குள்ளேயே ஒன்றை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இணையத் தொடர்பு அறுந்த நாளிலும் நூல் இரவல் நடக்கும். மாணவர்களின் பெயர்ப் பட்டியல் பள்ளிச் சுவரைத் தாண்டாது. மாதக் கட்டணம் இல்லை. அலுவலகத்தில் பயன்படுத்தி ஒதுக்கிய ஒரு சிறிய மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸை நிறுவி, ரவுட்டருடன் கம்பியால் இணைத்தோம். ஒரு நூலகத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இணைய வழங்கியில் வேறொருவர் கவனித்துக்கொள்ளும் மின்சாரம், காப்புப் பிரதி ஆகியவையெல்லாம் இங்கே நம் பொறுப்பாகிவிடுகின்றன என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது

என் செயலி பைத்தான் மொழியின் குறிப்பிட்ட ஒரு பதிப்பையும், பிறர் எழுதிவைத்த சில ஆயத்த நிரல் தொகுப்புகளையும், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தையும் நம்பி எழுதப்பட்டது. அவற்றை எல்லாம் பள்ளிக் கணினியில் ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்கினால், ஒரு தொகுப்பின் பதிப்பு எண் சற்று மாறினாலும் செயலி ஓடாமல் போகலாம். செயலியையும் அது நம்பியிருக்கும் அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, அந்தப் பொதியை எந்தக் கணினியில் பிரித்தாலும் ஒரே விதமாக ஓடச் செய்வதே கொள்கலன் முறை. கட்டிவைத்த பொதிக்குப் படிமம் என்றும், அதை ஓடவிடும்போது உருவாகும் உயிருள்ள நிலைக்குக் கொள்கலன் என்றும் பெயர். ஒரே படிமத்திலிருந்து எத்தனை கொள்கலன்களையும் எழுப்பலாம். எது அழிந்தாலும் படிமம் அப்படியே இருக்கும்.

பலரும் கொள்கலனைச் சிறிய மெய்நிகர் கணினி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. மெய்நிகர் கணினி தனக்கென ஒரு முழு இயங்குதளத்தை, அதன் மையப்பகுதியான கெர்னல் உட்பட, சுமந்துகொண்டு வருகிறது. தனி மனையில் அடித்தளத்திலிருந்து எழுப்பிய வீடு அது. கொள்கலனோ ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மாடியைப் பலகையால் தடுத்து வாடகைக்கு விட்ட அறையைப் போன்றது. அடித்தளமும் கூரையும் ஒன்றுதான். அறைக்குள் இருப்பவருக்கு மட்டும் அதுவே முழு வீடாகத் தோன்றும். அந்தப் பலகைத் தடுப்பை லினக்ஸ் கெர்னலின் இரண்டு வசதிகள் அமைக்கின்றன. பெயர்வெளி என்னும் வசதி, ஒரு நிரல் எந்தக் கோப்புகளை, எந்த நிரல்களை, எந்த வலையமைப்பைக் காண முடியும் என்பதை வரையறுக்கிறது. சிகுரூப் என்னும் வசதி, அது எவ்வளவு நினைவகத்தையும் செயலகத் திறனையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அளந்து கொடுக்கிறது. பலகைச் சுவர் என்பதை மறக்கவும் கூடாது: கெர்னல் பொதுவானது ஆதலால், அதில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தால் அது எல்லா அறைகளையும் பாதிக்கும். எனவே வழங்கியின் லினக்ஸை அவ்வப்போது புதுப்பிப்பது கொள்கலன்களுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

சிகுரூப் 2008-இல் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. அதற்கு முன்பே பெயர்வெளிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. ஆயினும், 2013-இல் டாக்கர் என்னும் கருவி அறிமுகமாகி, படிமத்தைக் கட்டவும் பகிரவும் எளிய வழி தந்த பின்னரே சாதாரண நிரலாளர்கள் இவற்றைக் கையில் எடுத்தார்கள். கொள்கலன்கள் லினக்ஸ் கெர்னலையே நம்பியிருப்பதால், விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கரை நிறுவினால் திரைமறைவில் ஒரு சிறிய லினக்ஸ் மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும். வழங்கியாக லினக்ஸ் கணினியை வைத்துக்கொண்டால் அந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

படிமத்தைக் கட்டுவதற்கான செய்முறைக் குறிப்பு டாக்கர்ஃபைல் என்னும் கோப்பில் எழுதப்படுகிறது. எந்த அடிப்படைப் படிமத்திலிருந்து தொடங்குவது, எவற்றை நிறுவுவது, எந்தக் கோப்புகளைப் படியெடுப்பது, இறுதியில் எந்த நிரலை ஓட்டுவது என்று வரிவரியாக அதில் சொல்கிறோம். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் முந்தையதன் மேல் ஓர் அடுக்காக அமைகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ள அடுக்குகள் எல்லாம் மீண்டும் கட்டப்படும். கீழுள்ளவை முன்பு கட்டியபடியே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே அரிதாக மாறும் தொகுப்புப் பட்டியலை முதலில் படியெடுத்து நிறுவிவிட்டு, அடிக்கடி மாறும் நம் நிரலைக் கடைசியில் படியெடுப்பது முறை. இந்த ஒரு வரிசை மாற்றத்தால், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம் காத்திருந்த நான் சில நொடிகளில் முடிக்கக் கற்றேன். கடவுச்சொல்லை மட்டும் டாக்கர்ஃபைலில் எழுதவே கூடாது. அது அடுக்குகளில் தங்கிவிடும். அடுத்த வரியில் அழித்தாலும் கீழ் அடுக்கில் அப்படியே இருக்கும்.

மடிக்கணினியில் கட்டிய படிமம் வழங்கியில் ஓட, இரண்டின் செயலக வகையும் பொருந்த வேண்டும். 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் மடிக்கணினிகள் ஆர்ம் வகைச் செயலகம் கொண்டவை. பழைய அலுவலகக் கணினிகளோ பெரும்பாலும் இன்டெல் வகை. முதல்வகையில் சாதாரணமாகக் கட்டிய படிமத்தை இரண்டாம்வகையில் ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற பிழையோடு உடனே நின்றுவிடும். கட்டும்போதே இலக்கு வகையைக் குறிப்பிடலாம். அல்லது வழங்கியிலேயே கட்டிக்கொள்ளலாம். படிமங்களைச் சேமித்துப் பகிரும் இணையப் பதிவகம் எதுவும் இல்லாமல், ‘டாக்கர் சேவ்’ என்ற கட்டளையால் படிமத்தை ஒரே கோப்பாக்கி, யுஎஸ்பி குச்சியில் எடுத்துச் சென்று, ‘டாக்கர் லோட்’ என்று வழங்கியில் இறக்கவும் முடியும். பள்ளியில் நான் செய்தது அதுவே.

முதல் சுவரும் அதன் வாசலும்

இப்போது ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். ஒரு கணினியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் வலையமைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண் இருக்கிறது. முகவரி கட்டடம் என்றால் போர்ட் அதிலுள்ள கதவு எண். உலாவியில் எண் எதுவும் தராவிட்டால் சாதாரண இணையத்தளத்துக்கு 80, பூட்டுக்குறியுள்ள பாதுகாப்பான தளத்துக்கு 443 என்று உலாவியே எடுத்துக்கொள்ளும்.

என் செயலி 8000 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் எங்கிருந்து வரும் அழைப்பை? பல நிரலாக்கச் சட்டகங்கள், நிரல் எழுதும் காலத்தின் பாதுகாப்பைக் கருதி, 127.0.0.1 முகவரியில் மட்டுமே கேட்கும்படி அமைந்திருக்கும். மடிக்கணினியில் நேரடியாக ஓட்டும்போது அதில் சிக்கல் இல்லை. உலாவியும் அதே கணினியில் இருக்கிறது. கொள்கலனுக்குள் போட்டவுடன் அந்த ‘இங்கே’ கொள்கலனின் உட்புறமாகிவிடுகிறது. பெயர்வெளியின் சுவருக்கு வெளியே நிற்கும் எவருடைய அழைப்பும், வழங்கிக் கணினியின் அழைப்பு உட்பட, அதன் காதில் விழாது. செயலியை 0.0.0.0 என்ற முகவரியில் கேட்கச் சொல்ல வேண்டும். ‘எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்’ என்பது அந்த எண்ணின் பொருள். செயலி தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் எல்லாம் சரியாக ஓடுவதாகத் தெரிந்தும் உலாவியில் இணைப்பு அறுந்துவிட்டதாகச் செய்தி வந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செயலி காது கொடுத்தால் மட்டும் போதாது. சுவரில் வாசல் வைக்க வேண்டும். ‘80:8000’ என்று டாக்கருக்குச் சொல்வது அதற்காக. இடப்பக்க எண் வழங்கியின் கதவு. வலப்பக்க எண் கொள்கலனுக்குள் இருக்கும் கதவு. வழங்கியின் 80-ஆம் கதவைத் தட்டுபவரைக் கொள்கலனின் 8000-ஆம் கதவுக்கு அழைத்துச் செல் என்பது அதன் பொருள். இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுதிவிடுவது எளிது. வெளியிலிருந்து உள்ளே நடந்து போவதாக நினைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் படித்தால் மறக்காது. வழங்கியின் அந்தக் கதவை ஏற்கெனவே வேறொரு நிரல் பிடித்திருந்தால் கொள்கலன் எழும்பாது. அப்போது இடப்பக்க எண்ணை 8080 போன்று மாற்றினால் போதும், வலப்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை.

இங்கே, வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதை அறியாதவர் தம் வீடு பூட்டியிருப்பதாக நம்பிக்கொண்டே திறந்துவைத்திருப்பார். உபுண்டுவில் ‘யுஎஃப்டபிள்யூ’ என்னும் எளிய ஃபயர்வாலை இயக்கி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டதாக நினைக்கலாம். ஆனால் டாக்கர் வாசல் வைக்கும்போது கெர்னலின் தரவுப் பொட்டலப் போக்குவரத்து விதிகளில் தானே நேரடியாக எழுதிக்கொள்கிறது. அந்த வாசலுக்கு வரும் அழைப்புகள் யுஎஃப்டபிள்யூவின் தடையைச் சந்திக்காமலே உள்ளே போய்விடும். ஆதலால் எந்தக் கதவை வெளியே காட்ட வேண்டுமோ அதற்கு மட்டும் வாசல் வையுங்கள். வழங்கிக்குள் இருந்து மட்டும் பார்க்க வேண்டிய ஒன்றென்றால், இடப்பக்கத்தில் போர்ட் எண்ணுக்கு முன் 127.0.0.1 என்று முகவரியையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு கொள்கலன்கள் பேசிக்கொள்வது

நூலகச் செயலிக்குத் தரவுத்தளம் வேண்டும். அதை அதே கொள்கலனுக்குள் திணிக்காமல், தனிக் கொள்கலனாக வைப்பதே வழக்கம். ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றதைத் தொட வேண்டியிராது. இரண்டையும் சேர்த்து விவரிக்கும் ஒரே கோப்பை எழுதி, ‘டாக்கர் கம்போஸ் அப்’ என்ற ஒரே கட்டளையால் எழுப்புகிறோம்.

சுட்டுச்சொல்லின் சிக்கல் மறுபடியும் இங்கே தலைகாட்டும். மடிக்கணினியில் எழுதியபோது செயலியின் அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் முகவரி லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432 என்று இருந்திருக்கும். செயலிக் கொள்கலனுக்குள் அது செயலியையே குறிக்கும். தரவுத்தளம் அடுத்த அறையில் இருக்கிறது. கம்போஸ் இரண்டு கொள்கலன்களையும் ஒரு தனி உள்வலையில் இணைத்து, கோப்பில் நாம் அவற்றுக்கு இட்ட பெயரையே முகவரியாக்கித் தருகிறது. தரவுத்தளத்துக்கு ‘கிடங்கு’ என்ற பொருள்பட ஒரு பெயர் வைத்தால், செயலி அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலே போதும். வாசல் வழியாக வெளியே போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. ஆகவே தரவுத்தளத்துக்கு வெளி வாசலே வைக்க வேண்டாம்.

முதல் முறை எழுப்பும்போது தரவுத்தளம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சில நொடிகள் எடுக்கும். அதற்குள் செயலி கதவைத் தட்டினால் தோல்வியடைந்து நின்றுவிடலாம். ‘இது அதைச் சார்ந்தது’ என்று கம்போஸ் கோப்பில் எழுதினால், தரவுத்தளக் கொள்கலன் தொடங்கும் வரை மட்டுமே அது காத்திருக்கும். தரவுத்தளம் உண்மையில் பதில் சொல்லும் வரை காத்திருக்கச் செய்ய நலச் சோதனை ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

தரவு எங்கே குடியிருக்கிறது

கொள்கலனுக்குள் எழுதப்படுவது எல்லாம், படிமத்தின் மேல் போடப்பட்ட தற்காலிக அடுக்கு ஒன்றில்தான் சேர்கிறது. கொள்கலனை நிறுத்தித் தொடங்கினால் அது இருக்கும். கொள்கலனை நீக்கிப் புதிதாக எழுப்பினால் போய்விடும். செயலியைப் புதுப்பிப்பது என்பதே பழைய கொள்கலனை நீக்கிப் புதிய படிமத்திலிருந்து எழுப்புவதுதான். அப்படியானால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நூல் பட்டியல் அழியுமா என்றால், வால்யூம் என்னும் ஏற்பாடு இல்லாவிட்டால் அழியும். வால்யூம் என்பது வழங்கியின் வட்டில் டாக்கர் ஒதுக்கிவைக்கும் இடம். கொள்கலனுக்குள் தரவுத்தளம் எழுதும் கோப்புறையை அந்த இடத்தோடு பிணைத்துவிட்டால், அறையைக் காலி செய்தாலும் பெட்டி வெளியே பத்திரமாக இருக்கும். எந்தக் கோப்புறை என்பதை நீங்கள் பயன்படுத்தும் படிமத்தின் விளக்கத்தில் சரிபாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு அது மாறுவதுண்டு.

இதில் மூன்று இடறல்கள் உண்டு. ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ என்ற கட்டளை கொள்கலன்களை நீக்கும், வால்யூமைத் தொடாது. ஆனால் அதன் இறுதியில் ‘மைனஸ் வி’ சேர்த்துவிட்டால் வால்யூமும் சேர்ந்து அழியும், கேள்வி எதுவும் கேட்காது. அடுத்தது, போஸ்ட்கிரெஸ் தன் கடவுச்சொல்லைக் கம்போஸ் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்வது, வால்யூம் வெறுமையாக இருக்கும் முதல் முறை மட்டுமே. பின்னர் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றினாலும் தரவுத்தளத்துக்குள் பழையதே நீடிக்கும், செயலி உள்ளே நுழைய முடியாமல் திணறும். மூன்றாவது, போஸ்ட்கிரெஸின் ஒரு பெரும்பதிப்பு எழுதிய கோப்புகளை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே படிக்காது. படிமத்தின் பெயரில் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டுவைத்தால், என்றோ ஒரு நாள் புதுப்பித்ததும் தரவுத்தளம் எழும்ப மறுக்கும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

வால்யூம் காப்புப் பிரதி ஆகாது. வட்டு கெட்டால் செயலியும் வால்யூமும் சேர்ந்தே போகும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே படியெடுப்பதும் நம்பத்தகுந்தது அன்று, பாதி எழுதிய நிலையில் அவை அகப்படலாம். ‘பிஜி டம்ப்’ என்னும் கருவி, தரவுத்தளத்திடமே கேட்டு முழுமையான ஒரு நகலை வாங்கித் தரும். பள்ளியில் ஒவ்வொரு நாளும் மாலையில் அது தானே இயங்கி, வேறொரு வட்டில் ஒரு கோப்பைச் சேர்க்குமாறு அமைத்தோம். அந்தக் கோப்பிலிருந்து என் மடிக்கணினியில் தரவுத்தளத்தை மீட்டுப் பார்த்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது. மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நான் எண்ணுவதில்லை.

வழங்கிக்கு நிலையான முகவரி

ரவுட்டர் தன்னுடன் இணையும் கணினிகளுக்கு முகவரியை இரவலாகத்தான் தருகிறது. இன்று 192.168.1.50 பெற்ற வழங்கி, ஒரு மின்தடைக்குப் பின் 192.168.1.63 பெறலாம், ஆசிரியையின் உலாவியில் சேமித்த முகவரி அன்றோடு பயனற்றுப் போகும். ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் மேக் முகவரி என்னும் அடையாள எண் இருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, ‘இதற்கு எப்போதும் இந்த முகவரியே’ என்று ஒதுக்கிவைக்கலாம். எண்ணுக்குப் பதில் பெயரால் அழைக்க விரும்பினால், வழங்கியில் அவாஹி என்ற சிறு நிரலை ஓடவிட்டு, அதன் பெயரோடு ‘டாட் லோக்கல்’ சேர்த்துத் தட்டலாம். பெரும்பாலான புதிய கணினிகளும் கைப்பேசிகளும் இதைப் புரிந்துகொள்கின்றன. எனினும் எண் முகவரியையும் ஒரு தாளில் எழுதி மேசையருகே ஒட்டிவைத்தோம்.

கைப்பேசியில் திறக்கவில்லை என்று யாரேனும் சொன்னால், அது பள்ளியின் வைஃபையில் இருக்கிறதா, கைப்பேசி நிறுவனத்தின் தரவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் திறக்காமல் போகலாம். அத்தகைய வைஃபை தன்னில் இணைந்தவர்களை உள் வலையமைப்பிலிருந்து பெரும்பாலும் பிரித்தே வைக்கும். வீட்டிலிருந்தும் திறக்க வேண்டும் என்ற ஆசையில் ரவுட்டரில் வெளியுலகுக்கு வாசல் வைப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். உள் வலையமைப்புக்கென எழுதிய செயலியைத் திறந்த இணையத்தில் நிறுத்துவது வேறு தரத்துப் பாதுகாப்பைக் கோரும் வேலை.

மின்தடைக்குப் பின் யாரும் வந்து தொடாமலே எல்லாம் எழ வேண்டுமானால் மூன்று இடங்களில் சொல்லிவைக்க வேண்டும்: மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி கணினியின் பயோஸ் அமைப்பில், கணினி இயங்கியதும் டாக்கர் தொடங்கும்படி லினக்ஸில், டாக்கர் தொடங்கியதும் கொள்கலன் எழும்படி கம்போஸ் கோப்பின் மறுதொடக்க வரியில். இடிமின்னல் மிகுந்த நம் ஊரில், வழங்கிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கிவைப்பது வீண்செலவு ஆகாது.

முந்தைய நாள் இரவு இரவல் பெற்ற நூல்

நிறுவிய முதல் வாரத்தில், காலை 7.30-க்கு ஒரு மாணவி எடுத்த நூல், முந்தைய நாள் இரவு 11.30-க்கு எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. கொள்கலன்கள் இயல்பாக உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி முந்தியது. ஆகையால் காலை 8 மணிக்கு முன் நடக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு நாள் பின்தள்ளிப் போகும். தாமதக் கணக்கும் பிசகும். தரவுத்தளத்தில் பொது நேரத்தையே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போதும் நாள் கணக்கிடும்போதும் ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்ற நேர மண்டலப் பெயரால் மாற்றிக்கொள்வது நல்ல வழி. எட்டைக் கூட்டிவிட்டால் போதாதா என்றால், இன்றைய பதிவுகளுக்குப் போதும். தீபகற்ப மலேசியா 1981-இன் இறுதிவரை ஏழரை மணி வேறுபாட்டில் இருந்து, 1982 தொடக்கத்தில்தான் எட்டுக்கு மாறியது. மண்டலப் பெயரைக் கொடுத்தால் அந்த வரலாறும் கணக்கில் சேரும். ஆல்பைன் போன்ற மிகச் சிறிய அடிப்படைப் படிமங்களில் நேர மண்டலத் தொகுப்பு இருக்காது. அதைத் தனியே நிறுவாவிட்டால் பெயரைக் கொடுத்தும் பயன் இராது.

திறக்காதபோது எங்கே தேடுவது

உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு சுவராகத் தாண்டிப் பாருங்கள். கொள்கலன் ஓடுகிறதா, அதன் பதிவேடு என்ன சொல்கிறது என்பது முதல் கேள்வி. பிறகு கொள்கலனுக்குள் நுழைந்து, அங்கிருந்தே 8000-ஆம் கதவைத் தட்டிப் பாருங்கள். அங்கே பதில் இல்லையென்றால் குறை செயலியில். பதில் இருந்தால், வழங்கியில் நின்று 127.0.0.1 என்று தட்டுங்கள். அது திறக்காவிட்டால், செயலி எல்லாப் பக்கமும் கேட்கிறதா, வாசல் எண்கள் சரியா என்று பாருங்கள். அதுவும் திறந்தால், வழங்கியின் சொந்த எண் முகவரியால் அங்கிருந்தே தட்டுங்கள், பின்னர் அடுத்த மேசைக் கணினியிலிருந்து அதே எண்ணால், கடைசியாகப் பெயரால். எந்தப் படியில் முதன்முதலாகத் தோற்கிறதோ அந்தப் படிக்கும் முந்தையதற்கும் நடுவிலுள்ள சுவரில்தான் குறை இருக்கும். மற்றவற்றைக் கலைக்காமல் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்தலாம்.

எல்லாச் சுவர்களையும் தாண்டிய பிறகும் ஒன்று எஞ்சியது. நூலின் பட்டைக்குறியைக் கைப்பேசியின் கேமராவால் படிக்கும் வசதி என் மடிக்கணினியில் வேலை செய்தது. ஆசிரியையின் கைப்பேசியில் கேமரா திறக்கவே இல்லை. பூட்டுக்குறியுள்ள பாதுகாப்பான தளத்துக்கு மட்டுமே உலாவிகள் கேமராவைக் கொடுக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு அளிக்கும், ஏனெனில் அது தன் கணினிக்குள்ளேயே நடக்கும் பேச்சு. 192.168.1.50 என்ற முகவரிக்கு அந்த விலக்கு இல்லை. தளத்தின் அடையாளத்துக்கு உறுதியளிக்கும் சான்றிதழ் ஆணையம் ஒன்றைப் பள்ளிக்கென நாமே உருவாக்கி, ஒவ்வொரு கருவியிலும் அதை நம்பச் செய்து, 443-ஆம் கதவில் பாதுகாப்பான தளமாக நிறுத்துவது ஒரு வழி. ஆசிரியர்கள் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அதைச் செய்வது பெரும்பாடு என்பதால், யுஎஸ்பியில் செருகும் பட்டைக்குறி வாசிப்பான் ஒன்றை வாங்கினோம். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு விசைப்பலகை. நூலின் பின்னட்டையில் காட்டினால் பட்டைக்குறியிலுள்ள 13 இலக்க நூல் எண்ணைத் தானே தட்டிவிடும். அந்த எண் அச்சிடப்படாத பழைய தமிழ் நூல்களுக்கு, பள்ளியே எண்ணிட்டுச் சிறு ஒட்டிகளை அச்சிட்டு, மாணவர்கள் மதிய வேளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.